ஹாக்ஃபிஷ் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் ஹாக்ஃபிஷ் என்ற மீனுக்கு, நீரில் மிதக்க உதவும் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் கீழே இறங்கிவிடும். அதனால் பவளக் கிளை, பாறை முனை, பம்பின் தலை என்று எங்காவது ஏறி, மார்புத் துடுப்பின் தடித்த கீழ்க்கதிர்களை ஊன்றி உட்கார்ந்துகொள்ளும். கண் மட்டும் உருண்டுகொண்டே இருக்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் பாயும். இந்த உட்காரும் சுபாவத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன. சிலர் சாதுவான மீன் என்று நம்பிவிடுகிறார்கள். சிலர் நோய் வந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள்.

பயப்படுகிறவர்கள் செய்வது முதல் நாளிலேயே மருந்து ஊற்றுவது. அசையாமல் இருப்பது இந்த மீனுக்கு நோயில்லை. நீங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் நடக்கும்போது கண் பின்தொடர்கிறதா, தீனியைப் பார்த்ததும் எழுந்து வருகிறதா என்று பாருங்கள். செவுள் வழக்கத்தைவிட வேகமாக அடித்துக்கொண்டால், துடுப்பு மடங்கியே கிடந்தால், தீனி விழுந்தும் திரும்பாவிட்டால் மட்டுமே கவலைப்பட வேண்டும். அப்போதும் தாமிர மருந்தைப் பிரதான தொட்டியில் ஊற்றக் கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துப்போகும். பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

புது மீனை ஒரு மாதமாவது 40–60 லிட்டர் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பது நல்லது. அங்கே வெறும் கண்ணாடியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் மட்டும் வைப்பது அடுத்த தவறு. உட்கார இடமில்லாத ஹாக்ஃபிஷ் மூலையில் ஒடுங்கித் தீனியை மறுக்கும். பிவிசி குழாய் இணைப்புகளான ‘டீ’, எல்போ இரண்டு மூன்றை வெவ்வேறு உயரத்தில் வைத்தால் போதும். இன்னொன்று: ஒரு நாளுக்கு மேல் பையில் பயணம் செய்து வந்த மீனை, பைக்குள் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மணிக்கணக்கில் பழக்கக் கூடாது. பையைத் திறந்ததும் கார்பன் டைஆக்ஸைடு வெளியேறி பிஹெச் ஏறும். அதுவரை அவ்வளவாகத் தீங்கு செய்யாமல் இருந்த அம்மோனியம், நச்சான அம்மோனியாவாக மாறும். பை நீரின் உப்பளவுக்குத் தனித்தொட்டியை முன்கூட்டியே சரிசெய்து, மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும், மீனை மட்டும் மாற்றுங்கள். உப்பைப் பிறகு சில நாட்களில் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

இனத்தைப் பார்க்காமல் வாங்குவதும் சகஜம். பசிபிக் கடலில் அலையடிக்கும் ஆழமற்ற பாறைகளில், கிளைப் பவளங்களுக்குள் வாழும் சிவப்பு ஃபிளேம் ஹாக்ஃபிஷ் 9 செ.மீ.தான் வளரும், 120 லிட்டர் தொட்டியில் சமாளிக்கலாம். நீள மூக்கும் சிவப்புக் கட்டங்களும் கொண்ட லாங்நோஸ் 13 செ.மீ. வரை போகும், அதற்கு 150 லிட்டராவது தேவை. ஃப்ரெக்கிள்ட் ஹாக்ஃபிஷ்ஷைக் குட்டியாகப் பார்த்து வாங்கியவர்கள்தான் பாவம். அது 20 செ.மீ.யைத் தாண்டும், 400 லிட்டருக்குக் குறைந்தால் இடம் போதாது, கூட இருக்கும் சின்ன மீன்களையும் விட்டுவைக்காது.

சாது என்று நம்பியவர்களுக்குக் கணக்குத் தீர்வது இறாலில். பெப்பர்மின்ட் இறாலும் செக்ஸி இறாலும் ஹாக்ஃபிஷ் இருக்கும் தொட்டிக்குத் தீனிதான். லாங்நோஸின் வாய் சின்னதாயிற்றே என்று ஏமாற வேண்டாம். விழுங்க முடியாததைக் கவ்விப் பாறையில் அடித்துத் துண்டாக்கும். நன்கு வளர்ந்த கிளீனர் இறாலை மீனுக்கு முன்பே தொட்டியில் விட்டால் சில நேரம் தப்பும். ஆனால் தோலுரிக்கும் இரவில் உடல் மெத்தென்று இருக்கும்போது அதற்கும் உத்தரவாதமில்லை. சின்ன ஹெர்மிட் நண்டுகளும் குறையும். இறால்தான் முக்கியம் என்றால் ஹாக்ஃபிஷ்ஷை வாங்காதீர்கள். நடுவழி எதுவும் இல்லை.

தொட்டியில் ஹாக்ஃபிஷ்ஷைக் கடைசியாக விட வேண்டும். முதலில் விட்டால் எல்லா மேடும் தனது என்று வைத்துக்கொண்டு, பின்னால் வரும் ஃபயர்ஃபிஷ், கோபி, சின்ன பிளென்னி போன்ற சிறு மீன்களையெல்லாம் துரத்தும். துரத்தப்பட்ட ஃபயர்ஃபிஷ் பெரும்பாலும் தொட்டியிலிருந்து வெளியே குதித்து, தரையில் காய்ந்து கிடக்கும். க்ளவுன், டேங், குள்ள ஏஞ்சல் போன்றவை ஈடுகொடுக்கும். லயன்ஃபிஷ், குரூப்பர் இருந்தால் ஹாக்ஃபிஷ்ஷே இரையாகிவிடும். ஜோடி சேர்க்கும் ஆசையும் வேண்டாம்: பெண்ணாக வளர்ந்து ஆணாக மாறும் குடும்பம் இது, வெளியே பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, இரண்டு ஆண்கள் சேர்ந்துவிட்டால் சண்டை ஓயாது.

லாங்நோஸ் கடலில் கடல் விசிறியிலும் கரும்பவளத்திலும் உட்காரும். அதைப் பார்த்துவிட்டு மன்னார் வளைகுடாப் பக்கத்திலிருந்து கடல் விசிறி ‘ஏற்பாடு செய்யலாம்’ என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். கடல் விசிறி, கரும்பவளம், கல்பவளம் மூன்றும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செயற்கைக் கடல் விசிறியோ கிளைவிட்ட உலர் பாறையோ வைத்தால் மீனுக்கு ஒரு குறையும் தெரியாது. ஹாக்ஃபிஷ் பவளத்தைத் தின்னாது. ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டே இருந்தால் அங்கே பவளத்தின் பாலிப் (பூப்போல விரியும் சின்ன உயிர்) விரியாது. மேலே வேறொரு உயரமான முனை அமைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் இடம் மாறிக்கொள்ளும்.

தீனியில் உயிர் கப்பி, கோல்ட்ஃபிஷ் போடுவதை நிறுத்துங்கள். நன்னீர் மீனின் கொழுப்பு கடல் மீனுக்கு ஒத்துவராது, நாளடைவில் ஈரல் கெடும். உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்), பொடியாக நறுக்கிய கடல் இறால், கணவாய் இவற்றை மாற்றி மாற்றி நாளுக்கு இரண்டு முறை கொடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். லாங்நோஸுக்கு அரிசி அளவுத் துண்டு. ஒரே தீனியில் ஓட்டினால் ஃபிளேமின் சிவப்பு வெளுக்கும். வாங்கும் முன் கடையிலேயே உறைதீனி போடச் சொல்லிப் பாருங்கள், தின்னாத மீனை வாங்காதீர்கள்.

நீர் விஷயத்தில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: உப்படர்த்தி 1.025, அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம், வெப்பம் 24–26 டிகிரி. ஏப்ரல், மே மாதச் சென்னை அறையில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் இந்த வெப்பநிலை நிற்காது. மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று தயாராக இருக்கட்டும்.

மூடியில் பலர் அரைகுறை. ஹாக்ஃபிஷ் அடியில் உட்காரும் மீன்தானே என்று திறந்தே வைப்பார்கள். விளக்கு சட்டென்று அணைந்தாலோ வேறு மீன் துரத்தினாலோ அது நேராக மேலே பாயும். 6 மி.மீ. கண் கொண்ட வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மூடுங்கள். கண்ணாடி மூடி வெப்பத்தைத் தேக்கும். குழாயும் ஒயரும் நுழையும் ஓரத்து இடைவெளிகளையும் விடாதீர்கள். தொட்டி நீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் பல்வரிசை மேலேயும் இந்த மீன் ஏறி உட்காரும் என்பதால் அதற்கும் தனி வலை வேண்டும். மீன் காணாமல்போனால் தரையைத் தேடும் முன் அந்தப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.