இடையில் மாறி அமெரிக்காவில் படிக்க: எல்லைப்பக்கத்து வீடுகளுக்கு ஒரு பணக்கணக்கு

அக்கா வீடு கம்பத்தில். அவர்களுடைய ஏலத்தோட்டம் மலைக்கு மேலே, குமுளிக்கு அந்தப் பக்கம். பையன் கேரளக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இரண்டு வருடம் முடித்தான். மீதியை அமெரிக்காவில்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். "எவ்வளவுடா ஆகும்?" என்று அக்கா கேட்டபோது அவனும் முழித்தான், நானும் முழித்தேன். எட்டு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் கிரெடிட்டை எண்ணுங்கள்

அங்கே ஒவ்வொரு பாடத்தையும் கிரெடிட் என்ற அலகில்தான் எண்ணுவார்கள்; இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட் வேண்டும். இங்கே படித்ததில் எத்தனை கிரெடிட்டை ஏற்றுக்கொள்கிறார்களோ அத்தனைக்கு அங்கே பணம் கட்ட வேண்டாம். இரண்டு வருடம் படித்தாயிற்று, பாதி கழிந்துவிடும் என்று நாங்களும் நினைத்தோம். அப்படித் தானாகக் கழியாது.

ஒரு கிரெடிட் 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிரெடிட்டை ஏற்றால் மீதி 60, அதாவது 30,000 டாலர். 38 மட்டும் ஏற்றால் மீதி 82, அதாவது 41,000 டாலர். வித்தியாசம் 11,000 டாலர். அதோடு கிட்டத்தட்ட ஒன்றரை செமஸ்டர் வாடகையும் சாப்பாடும் சேரும். ஸ்காலர்ஷிப் தேடி அலைவதற்கு முன் இந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

அடைப்பது சிலபஸ்தான். மார்க் ஷீட்டில் 'கணிதம் 2' என்று மட்டும் இருந்ததால், எங்கள் பையனுக்கு அதை முதலில் பெயருக்கு ஒரு பொதுப்பாடமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். யூனிட் வாரியாக, மணிநேரக் கணக்கோடு ஆறு பக்க சிலபஸைக் கல்லூரி முத்திரையுடன் ஸ்கேன் செய்து அனுப்பிய பிறகு கால்குலஸ் என்று ஏற்றார்கள். அதனால் கல்லூரியை விட்டு வெளியே வரும் முன்பே எல்லாப் பாடத்தின் சிலபஸையும் வாங்கிவிடுங்கள். நம் மார்க் ஷீட்டை அமெரிக்க முறைக்கு மதிப்பிட்டுத் தரும் வெஸ் (WES) போன்ற நிறுவனத்திடம் மதிப்பீடு கேட்டால் பாடவாரி மதிப்பீடு என்று பார்த்துக் கேளுங்கள். ஆனால் கடைசி முடிவு அந்தப் பல்கலைக்கழகத்தின் கையில்தான்.

படி 2: உதவித்தொகை யாருக்கு என்று கேளுங்கள்

விளம்பரத்தில் வரும் பெரிய ஸ்காலர்ஷிப்கள் பல, முதலாண்டில் சேர்கிறவர்களுக்கு மட்டும். ஃபாஃப்சா (FAFSA) படிவம் வழியாக அமெரிக்க அரசு தரும் உதவி மாணவர் விசாவில் போகிற நமக்குக் கிடையாது. "வெளிநாட்டிலிருந்து இடையில் சேரும் மாணவருக்கு உதவி உண்டா, எத்தனை செமஸ்டருக்கு?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். சேரும்போது உதவி கேட்காதவருக்குப் பல இடங்களில் பின்னால் கிடைக்காது. அதனால் கூச்சப்படாமல் விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.

நம் ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். இளநிலைக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

படி 3: கடன்

வித்யாலட்சுமி என்பது கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கும் இணையதளம். பிஎம் வித்யாலட்சுமி என்பது 2024இல் வந்த வேறு திட்டம், உள்நாட்டுக் கல்லூரிகளுக்கு மட்டும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பாதிப் பேர் இங்கேயே வழி மாறிவிடுகிறார்கள்.

பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம். 4 லட்சத்தைத் தாண்டினால் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் கைப்பணம். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அதையும் இந்த 15இல் சேர்த்துக்கொள்ளலாம். மொத்தத்தையும் முதல் நாளே போட வேண்டியதில்லை, ஒவ்வொரு ஆண்டும் பணம் விடுவிக்கும்போது அதற்கேற்பப் போடலாம். இதை மேனேஜர் தானாகச் சொல்லவில்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. வங்கி தமிழ்நாட்டில், ஈடு வைக்கும் நிலம் கேரளத்தில், பத்திரம் மலையாளத்தில். ஒரு மாதம் ஃபைலை அப்படியே வைத்திருந்துவிட்டு, "இந்த ஊர் வக்கீல் இதைப் பார்க்க மாட்டார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் அதே வங்கியின் மலைமேல் இருக்கும் கிளைக்காக வேலை பார்க்கும் வக்கீலிடம் சட்டக் கருத்து வாங்கித்தான் நகர்ந்தது. அந்தப் பக்கம் நிலம் இருந்தால் முதல் நாளே இதைக் கேட்டுவிடுங்கள். பத்திரம், கரம் கட்டிய ரசீது, கைவசச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாம் தயாராக வையுங்கள். வில்லேஜ் ஆபீசில் "ஆதாரம் எவிடே?" என்றதும் அக்கா பர்ஸைத் திறந்து ஆதார் கார்டை நீட்டினாள். அங்கே ஆதாரம் என்றால் நிலப்பத்திரம். ஜீப்பில் திரும்ப இறங்கி, பத்திரத்தோடு மறுநாள் ஏறினோம்.

கடன் பணம் வங்கியிலிருந்தே பல்கலைக்கழகத்துக்குப் போவது நல்லது. 2025 ஏப்ரல் முதல் கல்விக்கடனில் அனுப்பும் தொகைக்கு டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி, இல்லை. சொந்தப் பணம் ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை கைக்காசு முடங்கும்.

படி 4: ஐ-20

மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் தருவதற்கு முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். தோட்டம் இத்தனை லட்சம் பெறும் என்று ஆடிட்டர் எழுதித் தரும் காகிதம் தனியாக நிற்காது. வங்கியிருப்பும் கடன் ஒப்புதல் கடிதமும்தான் பேசும். அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் (SEVIS) கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் தனி.

படி 5: போன பிறகு

வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணிநேரம் வரை வேலை பார்க்கலாம். ஆனால் அந்த வருமானத்தை ஃபீஸ் கணக்கில் எழுதாதீர்கள், வேலை கிடைக்கும் வரை அது கைக்காசு இல்லை. பல பல்கலைக்கழகங்களில் ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தாலும் 18 எடுத்தாலும் ஒரே கட்டணம். உங்கள் இடத்தில் அப்படியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பையன் முதல் செமஸ்டரில் பயந்து 12 எடுத்தான், இரண்டாவதில் 17.