அடுக்கு கேக் செய்து விற்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஒரு கிலோ பர்த்டே கேக்கை அழகாகச் செய்கிறவர்கள்கூட அடுக்கு கேக்கில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். சின்ன கேக்கின் பழக்கத்தை அப்படியே இரண்டு மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். பூ போடவும் ஃபாண்டன்ட் (பிசைந்து விரிக்கும் சர்க்கரை மாவு) பொம்மை செய்யவும் தேடித் தேடிக் கற்கிறோம். உள்ளே எது எதைத் தாங்குகிறது என்பதையும் அதே அக்கறையோடு கற்க வேண்டும்.

கீழ் கேக் மேல் கேக்கைத் தாங்காது. உள்ளே நிற்கும் குச்சிகள்தான் தாங்கும். 8 இன்ச் கேக் மேல் 6 இன்ச் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழ் கேக்கை ஃப்ரிட்ஜில் நன்றாக இறுகவிட்டு, மேல் கேக்குக்கு அடியில் வைக்கும் 6 இன்ச் அட்டை போர்டை அதன் மேல் லேசாக அழுத்தி வட்டம் பதித்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் ஒரு குச்சியை அடிவரை இறக்கி, க்ரீம் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு வெளியே எடுங்கள். மற்ற நான்கு குச்சிகளையும் இதே அளவுக்குத்தான் வெட்ட வேண்டும். பலர் ஒவ்வொரு குச்சியையும் அந்தந்த இடத்தில் குத்தி, அங்கங்கே வெட்டுகிறார்கள். க்ரீம் மேற்பரப்பு ஓரிடத்தில் இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும், மேல் கேக் அந்தப் பக்கம் சாயும்.

மேல் கேக்குக்கு அடியில் தனி போர்டு கட்டாயம். அது இல்லாவிட்டால் குச்சிகள் கேக்குக்குள்ளேயே ஏறி, எல்லாம் மெதுவாக அமுங்கிவிடும். இரண்டு அடுக்குக்குத் தடிமனான பபிள் டீ ஸ்ட்ரா போதும். மூன்றாவது அடுக்கு வந்தால் மரக்குச்சிக்கு மாறுங்கள். போர்டுகளின் நடுவில் ஓட்டை போட்டு, மேலிருந்து அடிவரை ஒரு நீளக் குச்சியும் இறக்க வேண்டும்.

கீழ் கேக்கில் சர்க்கரைப் பாகைக் குறைத்தே தெளியுங்கள். அன்னாசித் துண்டு மாதிரி தண்ணீர் விடும் பழங்களை மேல் அடுக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நம் ஊர் வெயிலை மறந்து வெளிநாட்டு வீடியோ அளவுகளைப் பின்பற்றுவதும் பெரிய தவறு. சாக்லேட்டும் க்ரீமும் சம அளவில் சேர்த்த கனாஷ் மே மாதத்தில் நிற்காது. டார்க் சாக்லேட் என்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு க்ரீம், வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு க்ரீம் என்று கெட்டியாகச் செய்யுங்கள். விப்பிங் க்ரீம் மேல் நேரடியாக ஃபாண்டன்ட் போர்த்தினால் ஈரம் இழுத்துக் கரையும். கனாஷ் அல்லது பட்டர் க்ரீம் மேல்தான் போர்த்த வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஃபாண்டன்ட் வியர்க்கும். அப்போது துடைக்காதீர்கள், தொடவே தொடாதீர்கள். ஏசி அறையில் விட்டால் தானே காயும்.

அலங்காரத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிற விஷயம் ஒன்று உண்டு. பளபளப்புத் தூள் டப்பாவில் "நான்-டாக்சிக்" என்றிருந்தால் அது சாப்பிடும் பொருள் ஆகிவிடாது. உண்ணத் தகுந்தது என்று எழுதி, சேர்மானப் பட்டியலும் இருந்தால் மட்டுமே வாங்குங்கள். நிஜப் பூவிலும் அப்படித்தான். அரளி நச்சுச் செடி, அதைக் கேக் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பூக்கடை ரோஜாவில் மருந்து அடித்திருப்பார்கள், அதன் காம்பை நேராகக் கேக்கில் செருகுவதும் தப்பு. சாப்பிடப் போவது பெரும்பாலும் குழந்தைகள்.

முழுசாக அடுக்கிய கேக்கைக் கார் சீட்டில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், சீட் சரிவாக இருக்கும். டிக்கியிலோ காலடியிலோ சமதளத்தில் வழுக்காத விரிப்பு போட்டு, ஏசியோடு செல்லுங்கள். மூன்று அடுக்கு என்றால் மண்டபத்தில் போய் அடுக்குவதே உத்தமம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்காமல் விற்கவும் வேண்டாம். அந்த 14 இலக்க எண்ணைப் பார்த்தால் கேட்பவர்களுக்கும் நம்பிக்கை வரும்.

இப்போது காசுக்கு வருவோம். "கிலோ எவ்வளவு?" என்று கேட்டதும் சின்ன கேக்கின் ரேட்டையே சொல்லிவிடுகிறோம். உதாரணமாக, கிலோ 900 ரூபாய் என்று 3 கிலோ கேக்குக்கு 2,700 வாங்குகிறீர்கள். பொருள், போர்டு, பெட்டி, கேஸ், வண்டி எல்லாம் 1,500 ஆனால் மிச்சம் 1,200. சர்க்கரைப் பூ செய்வது, அடுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்து 12 மணி நேரம் என்றால், மணிக்கு 100 ரூபாய்தான். அதனால் கேக்குக்குக் கிலோ கணக்கு, வேலைக்கு மணிக்கணக்கு, டெலிவரி தனி என்று பிரித்துச் சொல்லுங்கள். தெரிந்தவர்களாகவே இருந்தாலும் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிய பிறகுதான் பொருள் வாங்கப் போக வேண்டும்.

"அவ்வளவு பட்ஜெட் இல்லைங்க" என்று சொல்பவர்களுக்குக் கீழ் அடுக்கைத் தெர்மாகோல் டம்மியாக வைத்துத் தரலாம். அப்போது கேக் செலவை மட்டும் கழியுங்கள். டம்மி மேல் போர்த்தும் ஃபாண்டன்ட்டும் அதற்கு ஆகும் நேரமும் நிஜ கேக்குக்கு ஆகும் அதே அளவுதான்.