நெல்லும் ஜெனீவாவின் 10 சதவீதமும்: செய்தி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'நெல் மானியத்தில் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் வரம்பை மீறியது' என்று அந்த அமைப்பின் தலைமையகமான ஜெனீவாவிலிருந்து ஒரு செய்தி வந்தால் போதும், உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். அரசு விவசாயிக்கு அள்ளிக் கொடுக்கிறது என்று ஒரு கட்சி, வெளிநாட்டுக்காரன் நம் கொள்முதலை நிறுத்தப் பார்க்கிறான் என்று இன்னொரு கட்சி. அந்த எண் எப்படி வந்தது என்று இரண்டு தரப்பிலும் யாரும் பார்ப்பதில்லை.

முதல் தவறு, அதுதான் பெரிய தவறும்கூட: அந்தத் தொகையைக் கருவூலத்திலிருந்து போன பணம் என்று நினைப்பது. 2018-19 சந்தை ஆண்டுக்கு இந்தியா தானே உலக வர்த்தக அமைப்புக்குக் கொடுத்த அறிவிக்கையில் (உறுப்பு நாடு தன் மானியக் கணக்கைக் காட்டும் அறிக்கை), நெல் உற்பத்தியின் மதிப்பு சுமார் 4,367 கோடி டாலர், ஆதரவு சுமார் 500 கோடி டாலர். வளரும் நாடுகளுக்கு ஒரு பயிருக்கான வரம்பு உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம். இந்தியா 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் அந்த 500 கோடி டாலர் யாருக்கும் எண்ணிக் கொடுக்கப்பட்ட தொகை இல்லை. அரசு அறிவித்த விலைக்கும் 1986-88ஆம் ஆண்டுகளின் சர்வதேச விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொள்முதல் அளவால் பெருக்கி வந்தது அது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். அந்த ஆண்டு சாதாரண ரக நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,750 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் 67 கிலோ அரிசி என்று வைத்தால், ஒரு டன் அரிசி சுமார் 26,100 ரூபாய். அன்றைய மதிப்பில் 370 டாலர் சொச்சம். அடிப்படை விலை, அதாவது அந்த 1986-88 விலை, 262 டாலர் சொச்சம். இடையில் 110 டாலர். அரசு வாங்கியது சுமார் 4.4 கோடி டன் அரிசி. பெருக்கினால் 500 கோடி டாலர் பக்கத்தில் வந்து நிற்கும். முப்பது ஆண்டு விலைவாசி ஏற்றமும் 'மானியம்' என்ற பெயரில் இதற்குள் உட்கார்ந்திருக்கிறது. இந்த முறையே நியாயமில்லை என்று இந்தியா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் இந்த முறையை வகுத்த, 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தத்தில் நாமும் கையெழுத்திட்டவர்கள்தான்.

சரி, இதே கணக்கை அமெரிக்கா போட்டால்? அடிப்படை விலையை ரூபாயில் எடுக்கும்: டன்னுக்கு 3,520 ரூபாய். அரசு வாங்கியதை மட்டும் எடுக்காமல் நாட்டில் விளைந்த மொத்த அரிசியையும் எடுக்கும். 2018 மே மாதம் அமெரிக்கா தாக்கல் செய்த எதிர் அறிவிக்கை (இன்னொரு நாட்டின் மானியத்தைத் தானே கணக்கிட்டுக் காட்டும் அறிக்கை) இப்படிப் போட்ட கணக்குதான். 2010-11 முதல் 2013-14 வரை அரிசிக்கு 74 முதல் 84 சதவீதம் ஆதரவு என்றது அது. அதே ஆண்டுகளுக்கு இந்தியா காட்டியது 10 சதவீதத்துக்கும் கீழே. ஆகவே சதவீதத்தை மட்டும் மேற்கோள் காட்டுவதில் பயனில்லை. எந்த நாணயம், எந்த அளவு, யார் போட்ட கணக்கு என்ற மூன்றும் கூடவே வர வேண்டும்.

அப்புறம், இன்னொரு தவறு: உலக வர்த்தக அமைப்பின் வேளாண்மைக் குழுவை நீதிமன்றமாக நினைப்பது. ஜெனீவாவில் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கூடும் இந்தக் குழு யாருக்கும் தண்டனை தராது. அங்கே நடப்பது கேள்வி-பதில். 'உங்கள் திட்டத்தை ஏன் இந்தப் பெட்டியில் காட்டினீர்கள்?' என்று ஒரு நாடு கேட்கும், மற்றது எழுத்தில் பதில் தரும், சில சமயம் மழுப்பும். (மானியங்களைப் பிரிக்கும் வகைகளுக்குத்தான் அங்கே 'பெட்டி' என்று பெயர்.) தீர்ப்பு வேண்டுமென்றால் வழக்குக்குத் தனியாகப் போக வேண்டும். கரும்பில் நடந்தது அதுதான். 2018 நவம்பரில் ஆஸ்திரேலியா குழுவில் எதிர் அறிவிக்கை வைத்தது. மறு ஆண்டு பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா மூன்றும் வழக்குக்குப் போயின. 2021 டிசம்பரில் விசாரணைக் குழுவின் முடிவு இந்தியாவுக்கு எதிராக வந்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமர்வோ புதிய உறுப்பினர்கள் நியமிக்கப்படாததால் 2019 டிசம்பரிலேயே முடங்கிவிட்டது. எனவே 'இந்தியா தோற்றது' என்பதும் அரைகுறை, 'ஒன்றும் ஆகவில்லை' என்பதும் அரைகுறை.

நெல்லுக்கு ஏன் இப்படி வழக்கு வரவில்லை? 2013இல் இந்தோனேசியாவின் பாலியில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் ஒப்புக்கொண்ட அமைதி விதி காரணம். உணவுப் பாதுகாப்புக்காகப் பொது இருப்பு வைக்கும் திட்டத்தில் வரம்பு மீறினால் வழக்குப் போடுவதில்லை என்பது அதன் சாரம். 2018-19 நெல் கணக்குக்காக 2020இல் இந்தியாதான் இதை முதன்முதலில் பயன்படுத்தியது. இதைத் திறந்த அனுமதி என்று எழுதுவது தவறு. அந்த முடிவு எடுக்கப்பட்டபோதே நடப்பில் இருந்த திட்டங்களுக்கும் பாரம்பரிய முக்கிய உணவுப் பயிர்களுக்கும் மட்டுமே அது பொருந்தும். இருப்பு வெளியே போய் மற்ற நாடுகளின் சந்தையைக் கெடுக்கக் கூடாது, கணக்கும் காட்டியாக வேண்டும். கரும்புக்கு இந்தக் குடை கிடையாது.

இறக்குமதி வரியிலும் ஒரு குழப்பம் உண்டு. வரியை உயர்த்தினாலே மீறல் ஆகாது. ஒப்புக்கொண்ட உச்ச வரம்பைத் தாண்டினால்தான் மீறல். பாமாயிலுக்கு இந்தியாவின் உச்ச வரம்பு 300 சதவீதம், சோயா எண்ணெய்க்கு வெறும் 45. ஒன்றில் தாராளமாகக் கை நீட்டலாம், மற்றதில் முடியாது.

கடைசியாக ஆண்டு. இந்த அறிவிக்கைகள் தாமதமாகத்தான் வரும். சில நாடுகள் பல ஆண்டுகள் பாக்கி வைத்திருக்கின்றன. அறிவிக்கை வரவில்லை என்பதால் அந்த நாட்டில் மானியமே இல்லை என்று அர்த்தமில்லை. இந்த ஆண்டு வெளியான எண்ணை இந்த ஆண்டின் ஆதரவு விலையோடு சேர்த்து எழுதுவதும் கூடாது. மூலத்தையே பார்க்க விரும்பினால் உள்நாட்டு ஆதரவு அறிவிக்கையில் டிஎஸ்:5 என்ற துணை அட்டவணையைத் திறக்கலாம். நிர்ணய விலை, அடிப்படை விலை, கணக்கில் எடுத்த அளவு எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும்.