ஒரு நூல், மூன்று நட்டு: முதல் அறிவியல் சோதனையைச் சரியாகச் செய்வது எப்படி?

நூலில் ஒரு எடையைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினால் அது தனி ஊசல். அது ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் அலைவு நேரம். அதைத் தீர்மானிப்பது எது? எடையா, நூலின் நீளமா, இழுத்துவிடும் தூரமா?

தேவை: ஒன்றரை மீட்டர் தையல் நூல் (இழுத்தால் நீளும் நூல் ஆகாது), ஒரே அளவுள்ள மூன்று இரும்பு நட்டுகள், அளவுநாடா, ஸ்டாப்வாட்ச்.

படி 1: கருதுகோள், அதாவது விடை இதுதான் என்ற உங்கள் ஊகம். அளப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். "எடை கூடினால் அலைவு நேரம் குறையும்" என்பது நல்ல கருதுகோள். அது பொய்யாகிவிட வாய்ப்புண்டு. "எடைக்கு ஏதோ பங்கு இருக்கலாம்" என்பதோ எந்த விடை வந்தாலும் பொருந்திக்கொள்ளும்.

படி 2: ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எடையைச் சோதிக்கும்போது நீளம் 50 செ.மீ., இழுக்கும் தூரம் 5 செ.மீ. என்று மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தை முடிச்சுவரை அல்ல, நட்டின் நடுவரை அளக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். எடை கூட்டுவதற்காக நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டுவார்கள். 2 செ.மீ. அகல நட்டுகள் என்றால் எடையின் மையம் 2 செ.மீ. கீழே போய்விடும், ஊசல் இப்போது 52 செ.மீ. பத்து அலைவுக்கு 14.2 நொடி வரவேண்டியது 14.5 ஆகும். நீளம் செய்த வேலைக்கு எடைமீது பழி! மூன்றையும் ஒரே முடிச்சில் பக்கம்பக்கமாகக் கோத்துவிடுங்கள்.

படி 3: அளத்தல். பொத்தானை அழுத்தும் விரல் 0.2 நொடிவரை பிசகும். ஒரே அலைவை அளந்தால் 1.4 நொடியில் அது பெரிய பிழை. பத்து அலைவை அளந்து பத்தால் வகுத்தால், பிழையும் பத்தில் ஒன்றாகும். ஓரிரு ஆட்டம் ஓடவிட்டு, நட்டு அடிப்புள்ளியைக் கடக்கும்போது "பூஜ்யம்" என்று எண்ணத் தொடங்குங்கள். அதே திசையில் மறுபடி கடந்தால் "ஒன்று". தொடக்கமே "ஒன்று" என்றால் எண்ணியது ஒன்பது அலைவுதான், 12.8 நொடி காட்டும்.

படி 4: மூன்று முறை. ஒரு நட்டுக்கு 14.1, 14.3, 14.2 என்று வந்தால் உங்கள் கையின் சிதறல் 0.2 நொடி. மூன்று நட்டுக்கு 14.3 வந்தால் அது வித்தியாசமே இல்லை, கருதுகோள் தோற்றது. ஒத்துவராத அளவை அழிக்காமல், கோடிட்டுக் காரணம் எழுதுங்கள்.

படி 5: அடுத்த மாறி (மாற்றிப் பார்க்கும் அளவு). இப்போது ஒரே நட்டு, நீளத்தை மாற்றுங்கள். 25 செ.மீ.க்குப் பத்து அலைவு 10 நொடி, 100 செ.மீ.க்கு 20 நொடி அளவில் வரும். நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு.

இழுக்கும் தூரத்தைக் கடைசியில் பாருங்கள். நூல் செங்குத்திலிருந்து சாயும் கோணம் 10 பாகைக்குள் இருந்தால் ஸ்டாப்வாட்சில் மாற்றம் தெரியாது. 60 பாகையில் அலைவு நேரம் 7 விழுக்காடுவரை கூடும். ஆகவே "வீச்சு (இழுக்கும் அளவு) பாதிக்காது" என்று முடிவெழுதினால், எத்தனை பாகைவரை சோதித்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.