சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒருவர் எழுதும்போது: இணையக் குழு நடத்துவோருக்கான வழிகாட்டி

இறந்துவிட வேண்டும் என்ற எண்ணம் தலைக்குள் சுழன்றுகொண்டே இருக்கும் ஒருவர், அதை வீட்டில் சொல்வதற்கு முன்பே, பல நேரங்களில் மருத்துவரிடம் சொல்வதற்கு வெகு முன்பே, முகம் தெரியாத ஓர் இணையக் குழுவில் எழுதிவிடுகிறார். அங்கே பெயர் சொல்ல வேண்டியதில்லை; "உனக்கு என்ன குறை" என்று யாரும் அதட்டுவதில்லை; அதே இருட்டைத் தானும் பார்த்த ஒருவராவது பதில் எழுதுவார். இந்த ஈர்ப்பைக் குற்றமாகப் பார்ப்பவரால் அத்தகைய குழுவைப் பாதுகாப்பாக நடத்த முடியாது என்றே நினைக்கிறேன். உலகச் சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021-இல் ஏறத்தாழ 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தனர். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக் காரணங்களில் அது மூன்றாவது இடத்தில் இருந்தது. இணையத்தோடு வளர்ந்த வயதினர் இவர்கள். இவர்களை அங்கே பேசவிடாமல் தடுக்கவும் முடியாது, தடுப்பது நல்லதும் அல்ல.

மனநலம், தனிமை, இழப்பு போன்றவற்றைப் பேசும் குழுக்களை நடத்துவோரையும், அவற்றில் அடிக்கடி பதில் எழுதுவோரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நீங்கள் மருத்துவராக வேண்டியதில்லை. வலியைப் பேச இடம் கொடுக்க வேண்டும், சாகும் வழியைப் பேச இடம் கொடுக்கக் கூடாது, எழுதுபவரை அவர் அருகில் இருக்கும் ஒரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்றாவதுதான் மிகக் கடினமானது. பெரும்பாலான குழுக்கள் தவறவிடுவதும் அதைத்தான்.

எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது

தற்கொலை பற்றிய பேச்சு எல்லாமே ஆபத்து என்ற எண்ணம் பாதி உண்மைதான். அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ், செய்தித்தாள்கள் ஒரு தற்கொலையைப் பெரிதாக வெளியிட்டபின் தற்கொலைகள் கூடுவதை 1974-இல் எடுத்துக்காட்டினார். மறுபக்கத்தை 2010-இல் வியன்னாவைச் சேர்ந்த தாமஸ் நீடர்குரோட்டன்டாலரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர்: தற்கொலை எண்ணம் வந்தும் அதைக் கடந்து வாழ்ந்தவர்களைப் பற்றிய செய்திகளை அடுத்துத் தற்கொலைகள் குறைந்திருந்தன. எனவே பேச்சு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத்தான் குழு நடத்துபவர் கவனிக்க வேண்டும்.

சாகும் முறை, அளவு, இடம், அதற்கான பொருளை எங்கே பெறுவது என்பன எந்த வடிவில் வந்தாலும் உடனே நீக்கப்பட வேண்டும். "ஒரு கதைக்காகக் கேட்கிறேன்" என்ற முன்னுரையோடு வந்தாலும் நீக்குங்கள். பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: நல்லெண்ணத்தோடு எழுதப்படும் எச்சரிக்கையிலும் இந்தத் தகவல் ஒளிந்திருக்கும். "அந்த வழியில் போகாதே, அது பலிக்காது" என்று எழுதுபவர், பலிக்கும் வழி வேறொன்று இருப்பதாகச் சொல்லாமல் சொல்லிவிடுகிறார். பிரியாவிடைக் கடிதம், காயங்களின் படம், நேரலையில் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாக அறிவிக்கும் பதிவு ஆகியவற்றையும் பொதுவெளியில் இருந்து மறைத்துவிடுங்கள். ஆனால் மறைப்பதற்கு முன் பதிவின் நகலை எடுத்துவையுங்கள்; அவசர உதவியாளர்களுக்கு அது தேவைப்படலாம்.

பதிவை நீக்கலாம், எழுதியவரை அதே கையோடு வெளியேற்றக் கூடாது. அவர் தட்டிய கடைசிக் கதவு உங்களுடையதாக இருக்கக்கூடும். நீக்கிய சில நிமிடங்களுக்குள் அவருக்கு ஒரு செய்தி போக வேண்டும்: "உங்கள் பதிவில் இருந்த சில விவரங்கள் இங்கே படிக்கும் மற்றவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதால் அதை எடுத்துவிட்டோம். உங்களை ஒதுக்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்தோம், கவலையாக இருக்கிறது. இப்போது எப்படி இருக்கிறீர்கள்?"

வெளியேற்ற வேண்டியவர்கள் வேறு இரண்டு வகையினர். ஒருவர், பிறரைச் சாகத் தூண்டுபவர். இணையவழியே தற்கொலைக்குத் தூண்டுவதை ஆஸ்திரேலியா 2005-இல் இயற்றிய சட்டத்தால் குற்றமாக்கியது. பிரிட்டன் தனது 2023-ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவர் தன்னைத் தானே கடுமையாகக் காயப்படுத்திக்கொள்ளத் தூண்டுவதையும் குற்றமாகச் சேர்த்தது. மற்றவர், "சேர்ந்து சாகலாம்" என்று துணை தேடுபவர் அல்லது துணையாக வருவதாகச் சொல்பவர். ஜப்பானின் ஸாமா நகரில் 2017-இல் வெளிவந்த கொலைகளில் ஒன்பது பேர் இறந்தனர். சமூக ஊடகத்தில் தற்கொலை எண்ணத்தை எழுதியவர்களைத் தேடிப் பேசி, உதவுவதாக நம்பவைத்தே கொலையாளி அவர்களை வரவழைத்திருந்தான். எனவே புதிய உறுப்பினர்கள் மற்றவர்களுக்குத் தனிச்செய்தி அனுப்ப இயலாதபடி அமைத்துவிடுங்கள். தனிச்செய்தியில் யாராவது நேரில் சந்திக்க அழைத்தால் நிர்வாகியிடம் சொல்லும்படி எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவையுங்கள்.

இன்னொரு வகைக் குழுவும் உண்டு; அதில் உங்கள் நண்பரோ பிள்ளையோ இருந்தால் அடையாளம் கண்டுகொள்வது அவசியம். அங்கே சாவதே தெளிவான முடிவு என்றும், வாழச் சொல்பவர் ஏமாற்றுக்காரர் என்றும் பேசுவார்கள். சிகிச்சைக்குப் போனவரைக் கேலி செய்வார்கள்; மனம் மாறியவரைத் துரோகியைப் போல் நடத்துவார்கள். ஆதரவு தரும் குழுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே கேள்வியில் அறியலாம்: "இன்று கொஞ்சம் பரவாயில்லை" என்று ஒருவர் எழுதினால் அங்கே என்ன பதில் வருகிறது? அத்தகைய குழுவில் இருப்பவரின் கைப்பேசியைப் பிடுங்குவதால் பயனில்லை. அங்கே அவருக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டு, சொல்வதை முழுவதும் கேளுங்கள். அதை வேறோர் இடத்தில் அமைத்துக் கொடுப்பதே வழி.

வரிகளைப் படிப்பது

நம் பேச்சில் சாவு எங்கும் நிறைந்திருக்கிறது. "சிரிச்சே செத்துட்டேன்" என்பதும் "வேலை சாகடிக்குது" என்பதும் அன்றாட வார்த்தைகள். ஆகையால் சொற்களைத் தானாகத் தேடி எடுக்கும் வடிகட்டியை நம்ப முடியாது. அது இவற்றைப் பிடித்துக்கொண்டு உண்மையான எச்சரிக்கையைத் தவறவிடும். உண்மையான எச்சரிக்கையில் சாவு என்ற சொல்லே இல்லாமல் போகலாம். "இனி யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்", "தூங்கினா எழுந்திரிக்கவே கூடாது", "எல்லாரும் நல்லா இருங்க", "என் பூனையை யாராவது பாத்துக்குவீங்களா" போன்ற வரிகளில் நில்லுங்கள். பாரம் என்ற சொல் வந்தால் இன்னும் கவனமாக நில்லுங்கள். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005-இல் முன்வைத்த கோட்பாட்டில், தற்கொலை விருப்பத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு உணர்வுகளில் ஒன்று, தான் பிறருக்குச் சுமை என்ற எண்ணம். மற்றொன்று, தனக்கென்று யாரும் இல்லை என்ற எண்ணம். நாள்கணக்கில் புலம்பி எழுதிய ஒருவர் திடீரென்று அமைதியாகி எல்லோருக்கும் நன்றி சொன்னால், அதையும் நல்ல செய்தி என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதில் எழுதுவது

நேராகக் கேளுங்கள். "தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. மேடலின் கூல்டும் உடன் ஆய்வாளர்களும் நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடையே நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கேட்கப்பட்டவர்களின் மனத்துயரோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே துயரில் இருந்த மாணவர்களிடம் கேள்வி நன்மையே செய்ததற்கான அறிகுறி தெரிந்தது. "தப்பான முடிவு ஏதும் எடுத்துவிட மாட்டீர்களே?" என்று கேட்பது வேறு. அந்தக் கேள்வி 'இல்லை' என்ற விடையை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுகிறது.

பிறகு அவர் எழுதியதில் இருந்தே ஒரு விவரத்தை எடுத்துப் பேசுங்கள். "மூன்று மாதமாகத் தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு நாள் தனியாகவே சமாளித்தீர்களா?" என்ற இரண்டு வரி, பத்து அறிவுரைகளைவிடப் பயன்படும். "தற்கொலை எதற்கும் தீர்வல்ல" என்று முத்திரை குத்துவதுபோல் போடும் பதிலைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் செய்தியின் அடியில் எத்தனையோ முறை படித்துச் சலித்த அந்த வரியைத் தன் பெயருக்குக் கீழே பார்ப்பவர், தன்னையும் ஒரு செய்தியாக்கிவிட்டார்கள் என்றே எண்ணுவார். "கோழைகள்தான் சாவார்கள்" என்பது அவமதிப்பு. அதற்கு எதிர்ப்புறமாக, இறந்தவரின் துணிச்சலைப் புகழ்வது அழைப்பு. "பெற்றோரை நினைத்துப் பார்" என்பது பரிவோடுதான் சொல்லப்படுகிறது; என்றாலும், தன்னைச் சுமையாகக் கருதுபவர் மீது அது இன்னொரு சுமையை ஏற்றுகிறது.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். "உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உதவி தேடுவேன், அதை உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்வேன்" என்று தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுவது நேர்மையானது.

ஆபத்து உடனடியாக இருந்தால்

எப்போது, எப்படி என்று முடிவு செய்துவிட்டதாக ஒருவர் சொன்னால் குழுவின் பொதுப் பேச்சை நிறுத்திவிட்டு இருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒருவர் அவரோடு எழுதிக்கொண்டே இருக்கட்டும். மற்றவர் அவசர எண்ணையும், அந்தத் தளத்தின் புகார் வசதியையும், அவரை நேரில் அறிந்த உறுப்பினர் யாராவது இருந்தால் அவரையும் தொடர்புகொள்ளட்டும். எங்கே இருக்கிறீர்கள், அருகில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பயன்படுத்த எண்ணியிருப்பதை விட்டு விலகி வேறோர் அறைக்கோ வெளியிலோ போகச் சொல்லுங்கள், அல்லது அதை இன்னொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்; அது என்ன என்று பொதுவில் கேட்க வேண்டாம். முயற்சி ஓரிரு மணி நேரம் தள்ளிப்போவதால் என்ன பயன் என்று தோன்றலாம். ரிச்சர்ட் சைடன் 1978-இல் வெளியிட்ட ஆய்வு, தற்கொலை முயற்சியின் விளிம்பில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்க்கையைத் தேடிப் பார்த்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிருடன் இருந்தார்கள், அல்லது இயற்கையான காரணத்தால் இறந்திருந்தார்கள். உச்சத்தில் இருக்கும் நெருக்கடி தணியக்கூடியது. அதுவரை துணை இருப்பதுதான் வேலை.

குழுவில் பல நாட்டினர் இருப்பார்கள் என்பதால் உதவி எண்களை முன்பே திரட்டி, எப்போதும் கண்ணில் படும்படி வைத்திருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இந்த எண்கள் உங்களுக்கும் உரியவை. எண்ணை மட்டும் எறிந்துவிட்டுப் போகாமல், "நீங்கள் அழைத்துப் பேசும்வரை நான் இங்கேயே இருக்கிறேன்; பேசிவிட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள்" என்று சேர்த்து எழுதுங்கள். அவருடைய படத்தையும் தொலைபேசி எண்ணையும் "கண்டுபிடியுங்கள்" என்று பரப்புவது, பிழைத்தபின் அவர் திரும்பிப்போக வேண்டிய வாழ்க்கையையே கெடுத்துவிடும்.

அடுத்த நாள், அடுத்த மாதம்

அந்த இரவு கடந்ததும் குழு ஓய்ந்துவிடுகிறது. எழுதியவருக்கோ கடினமான நாட்கள் அப்போதுதான் தொடங்குகின்றன. ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையில் இருந்து வெளியேறியபின் தொடர் சிகிச்சையை மறுத்த 843 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு நான்கு முறையாவது சிறு கடிதம் அனுப்பினார். எப்படி இருக்கிறீர்கள், விருப்பம் இருந்தால் எழுதுங்கள் என்ற அளவே அதில் இருக்கும். எந்தக் கோரிக்கையும் இராது. 2001-இல் வெளியான முடிவின்படி, முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தது. இணையக் குழுவால் எளிதில் செய்யக்கூடியது இது. மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று நாட்காட்டியில் குறித்துவைத்து, பதிலை எதிர்பார்க்காத ஒரு வரியை அனுப்புங்கள். அவர் அமைதியாக இருக்கும் ஒரு நாளில், ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தை அவரே எழுதிக்கொள்ள உதவலாம்: எண்ணம் வரப்போவதைக் காட்டும் அறிகுறி, தனியாகச் செய்யக்கூடிய ஆறுதல், போய் உட்காரக்கூடிய இடமும் மனிதரும், உதவி கேட்கத்தக்கவர், சிகிச்சையாளரின் எண், சூழலைப் பாதுகாப்பாக்கும் வழி. குழுவின் பெயர் அதில் எங்காவது இருக்கலாம். அது ஒன்றே இருந்தால் திட்டம் முடியவில்லை என்று பொருள்.

எல்லாம் செய்தும் ஒருவர் இறந்துவிடலாம். அப்போது எப்படி இறந்தார் என்பதையும் கடைசியாக எழுதிய வரிகளையும் பகிராதீர்கள். "இப்போது நிம்மதியாக இருக்கிறார்" என்று எழுத விடாதீர்கள். அதே வலியோடு அமர்ந்திருக்கும் வேறொருவர் அதைப் படிக்கிறார். இறந்தவரோடு நெருங்கிப் பேசியவர்களைத் தனித்தனியே தேடி நலம் கேளுங்கள். அந்த உரையாடலில் கடைசியாக இருந்த நிர்வாகியைக் குறைந்தது சில வாரங்களுக்கு இரவுப் பொறுப்பில் இருந்து விடுவித்து, அவர் பேசுவதற்கு ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். இப்படி யார் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலை, தேவை வருவதற்கு முன்பே, இந்த வாரமே எழுதிவையுங்கள்.