சுவர் எழுப்பும் முன்: 24 × 32 அடியில் ஒரு சிறிய கிளினிக்கைத் திட்டமிடுவது எப்படி?

ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், முன்னால் டோக்கன் எழுத ஒருவர், மாலை 6 முதல் 9 வரை கூட்டம். நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலான கிளினிக் இப்படித்தான். அதற்கான வழிமுறை இது. தரைத்தளம், 24 அடி அகலம், 32 அடி ஆழம், 10 அடி உயரம் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். பிளான் அப்ரூவல், தமிழ்நாட்டின் 1997 சட்டப்படி கிளினிக் பதிவு, மருத்துவக் கழிவு எடுப்பவரோடு ஒப்பந்தம் எல்லாம் உங்கள் ஆடிட்டரோ நண்பரோ சொல்லியிருப்பார்கள். நேராக உள்ளே போய்விடலாம்.

படி 1: நாற்காலிக் கணக்கு

ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்ற இரண்டையும் பெருக்கினால், எந்த நேரத்திலும் உள்ளே இருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை கிடைக்கும். மணிக்கு 12 பேர், காத்திருப்பு முக்கால் மணி என்றால் 9 பேர். நம் ஊரில் யாரும் தனியாக டாக்டரிடம் வருவதில்லை. துணைக்கு ஒருவரைச் சேர்த்தால் 18. கூடுதலாக இரண்டு போட்டு 20 நாற்காலி. நடக்கும் வழியோடு சேர்த்து நாற்காலிக்கு 14 சதுர அடி வைத்தால் 280. டோக்கன் கவுண்டருக்கு 8 × 6 அடி, அதாவது 48. ஆக 328 சதுர அடி. முன்பக்கம் 24 × 14 அடி ஹால் (336) இதற்குச் சரியாகப் பொருந்தும்.

சோஃபா வேண்டவே வேண்டாம். முழங்கால் வலியோடு வருபவர் தாழ்ந்த சோஃபாவிலிருந்து எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கும். உட்காரும் பலகை 18 அங்குல உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி. துளையிட்ட ஸ்டீல் பெஞ்ச் அழகில்லைதான், ஆனால் வாந்தி எடுத்தால் துடைக்க முடியும். வரிசைக்கு ஒரு இடத்தை நாற்காலி போடாமல் விடுங்கள்; சக்கர நாற்காலியில் வருபவர் வழியில் நிற்காமல் மற்றவர்களோடு இருக்கலாம்.

படி 2: தரையில் சாக்பீஸ் கோடு

தாளில் எல்லாமே பொருந்தும். காலி இடத்தில், சுவர் வருமிடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மேசை, கட்டில் அளவுக்கு அட்டைப் பெட்டிகளை வையுங்கள். பின்பக்கம் 18 அடி ஆழம் இருக்கிறது. நடுவில் ரூம்களுக்குப் போகும் 4 அடி நடை. இடப்பக்கம் டாக்டர் ரூம் 10 × 12, அதன் பின்னால் ஊழியர் ரூம் 10 × 5½. வலப்பக்கம் ஊசி போடும் ரூம் 9 × 10, அதன் பின்னால் 9 × 7½ கழிப்பறை. நான்கரை அங்குலச் சுவர்கள் மீதியைத் தின்றுவிடும்.

கோட்டுக்குள் ஒருவரை நோயாளியாக, ஒருவரைத் துணையாக நடக்கவிடுங்கள். பிறகு சக்கர நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்து அதே வழியில் தள்ளிப் பாருங்கள். ஒரே இடத்தில் முழுவட்டம் திரும்ப அதற்கு 5 அடி வேண்டும். கதவுத் திறப்பு 3 அடிக்குக் குறையக் கூடாது. ஆசாரி சொல்லும் 3 அடி பெரும்பாலும் நிலையையும் சேர்த்த அளவு, ஆகவே "கதவு திறந்த பிறகு உள்ளளவு 3 அடி" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 3: டாக்டர் வாசலில் மொய்க்கும் கூட்டம்

முக்கால்வாசி கிளினிக் கெட்டுப்போவது இங்கேதான். 20 நாற்காலி காலியாகக் கிடக்கும், எட்டுப் பேர் டாக்டரின் கதவை ஒட்டி நிற்பார்கள். "உட்காருங்க, உட்காருங்க" என்று சிஸ்டர் தொண்டை வறளக் கத்துவார். போர்டு எழுதி ஒட்டுவார்கள். யாரும் உட்கார மாட்டார்கள், ஏனென்றால் நிற்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

உள்ளே போயிருப்பது எந்த நம்பர் என்று தெரியவில்லை. "ரிப்போர்ட் மட்டும் காட்டணும், ஒரு நிமிஷம்" என்று டோக்கன் இல்லாமல் ஒருவர் நுழைந்ததைப் பார்த்துவிட்டார்கள். போதாக்குறைக்கு மருந்துக் கம்பெனி ரெப் பையோடு நிற்கிறார். கதவு கண்ணெதிரே இருக்கும்போது அதைக் காவல் காக்காமல் யார் உட்காருவார்?

ஆகவே டாக்டரின் கதவு ஹாலில் இருக்கக் கூடாது. நடையில் இருக்க வேண்டும். அந்த நடையின் வாய் டோக்கன் கவுண்டரை ஒட்டி இருக்கட்டும். நடைக்குள் போகிறவர் டோக்கன் எழுதுபவரின் கண்ணைத் தாண்டித்தான் போக முடியும். அவர் எழுந்து தடுக்கத் தேவையில்லை, நிமிர்ந்து பார்த்தாலே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

நடையின் வாய்க்கு எதிர்ப்புறம் ஹாலின் மூலையில் 4 × 4 அடி எடை-பிபி மூலை, தோளுயரத் தடுப்போடு. அதை ஒட்டி மூன்று நாற்காலி, "அடுத்து நீங்கள்" என்று எழுதியது. அடுத்த டோக்கன்காரரை அங்கே அழைத்து பிபி பார்த்துவிட்டாலே "என் முறை ஆரம்பித்துவிட்டது" என்று அவருக்கு நிம்மதி வந்துவிடும். இந்த மூன்று நாற்காலியை நடைக்குள் போடாதீர்கள். 4 அடியில் நாற்காலி ஒன்றரை அடியைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் இரண்டரை. சக்கர நாற்காலி சிக்கிக்கொள்ளும்.

நம்பர் காட்ட, பேங்கில் இருப்பது போன்ற சிவப்பு எல்.இ.டி. போர்டும் மணியும் போதும். ஆப் வேண்டாம், மாலை 7 மணிக்கு வரும் பாட்டியிடம் ஆப் இருக்காது. நம்பரைத் தமிழில் குரலாகச் சொல்லும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். டிவி வைத்தே தீருவேன் என்றால் போர்டை அதன் பக்கத்திலேயே, அதே உயரத்தில் மாட்டி, டிவியின் சத்தத்தை நிறுத்திவிடுங்கள்.

ரிப்போர்ட் காட்ட வருபவர்களுக்குத் தனி நிற டோக்கன் கொடுத்து, நான்கு சாதா டோக்கனுக்கு ஒரு ரிப்போர்ட் என்று விதி வைத்து, அதைக் கவுண்டரில் பெரிதாக எழுதிவிடுங்கள். விதி தெரிந்தால் சண்டை குறையும். ரெப்புகளுக்குக் காலை நேரம்.

கவுண்டர் உயரம் மூன்றரை அடி. சக்கர நாற்காலியில் வருபவருக்காக அதில் 3 அடி நீளத்தை மட்டும் இரண்டரை அடிக்கு இறக்குங்கள். அங்கே பெயர், வயது மட்டும் கேட்டால் போதும். "என்ன பண்ணுது?" என்ற கேள்வி பிபி மூலையில் கேட்கப்பட வேண்டியது. மாதவிடாய்ப் பிரச்சனையை இருபது பேர் நடுவே யார் உரக்கச் சொல்வார்? "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வேறொன்று சொல்வார்கள்.

படி 4: டாக்டர் ரூம்

முதலில் கட்டில். டாக்டர் நோயாளியின் வலப்பக்கம் நின்று பரிசோதிப்பதுதான் வழக்கம். இதை மறந்து, இடம் மிச்சமாகிறது என்று வலப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிடுவார்கள். பிறகு வயிற்றை அழுத்திப் பார்க்க டாக்டர் குறுக்கே வளைய வேண்டும், தினமும் ஐம்பது தடவை. சரிபார்க்கும் விதம் இது: கால்மாட்டில் நின்று தலைமாட்டைப் பாருங்கள். உங்கள் இடக்கைப் பக்கம் 3 அடி காலியாக இருக்க வேண்டும்; வலக்கைப் பக்கம் சுவரை ஒட்டலாம். தப்பாக இருந்தால் கட்டிலை நகர்த்த வேண்டாம், தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றினால் போதும். ஆனால் அப்படி மாற்றும்போது கால்மாடு கதவைப் பார்த்து அமைந்துவிடாமல் பாருங்கள். புடவையில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கதவின் கீல் கட்டில் இருக்கும் பக்கத்து நிலையில் வர வேண்டும். அப்போது யாராவது பாதி திறந்தாலும் கதவுப் பலகையே கட்டிலை மறைக்கும். ஆசாரிகள் பழக்கத்தில் கதவு சுவரோடு ஒட்டித் திறப்பது போல எதிர்ப்பக்கம் கீல் வைப்பார்கள்; திறந்ததும் கட்டில் மொத்தமும் தெரியும். மரவேலை முடிந்த பிறகு இதை மாற்றுவது செலவு. திரையும் உண்டு, ஆனால் அவசரத்தில் திரையை யாரும் முழுதாக இழுப்பதில்லை.

மேசை 4 × 2 அடிக்கு மேல் வேண்டாம். நோயாளியின் நாற்காலி எதிரே இல்லாமல் மேசையின் பக்கவாட்டில், டாக்டருக்குச் செங்குத்தாக இருக்கட்டும். கையைப் பிடித்து நாடி பார்க்கலாம், கம்ப்யூட்டர் திரை நடுவில் நந்தியாக நிற்காது. துணைக்கு வந்தவருக்கு அதற்குப் பின்னால் ஒன்று.

காற்று டாக்டர் பக்கமிருந்து நோயாளி பக்கமாகப் போய் வெளியேற வேண்டும். டிபி இருமல் வரும் ஊரில் இது விளையாட்டல்ல. ஜன்னல் டாக்டர் பக்கம், எக்ஸாஸ்ட் விசிறி நோயாளிக்கு அப்பால். ஜன்னலை டாக்டரின் முதுகுக்கு நேர் பின்னால் வைத்தால் அவர் முகம் இருட்டாகத் தெரியும். காது மந்தமானவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார், ஆகவே ஜன்னல் பக்கச் சுவரில். விசிறியின் அளவுக்குக் கணக்கு இருக்கிறது: ரூம் 10 × 12 × 10 = 1200 கன அடி. மணிக்கு 12 முறை காற்று மாற 14,400 கன அடி, அதாவது சுமார் 410 கன மீட்டர். பெட்டியில் அச்சிட்ட எண் இதற்கு மேல் இருக்க வேண்டும். கடைக்காரர் விட்டத்தை மட்டும் சொல்வார்; காற்றின் அளவைக் கேளுங்கள்.

சுவர் மங்கிய வெள்ளை. இளமஞ்சளோ பச்சையோ அடித்தால் அந்தச் சாயல் நோயாளியின் தோலிலும் விழும். மஞ்சள் காமாலையையும் ரத்தசோகையையும் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய இடம் இது. திரைக்கும் இதே விதி. விளக்கு 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் திறன்) 90க்கு மேல். விளக்கை மின்விசிறி இறக்கைக்கு மேலே வைத்தால் நிழல் வெட்டி வெட்டிக் கண்ணை உறுத்தும். தலைவலிக்காரருக்கு இது இன்னும் மோசம்.

பேச்சு வெளியே கேட்கக் கூடாது. சுவர் சீலிங்கோடு நிற்காமல் கான்கிரீட் வரை போக வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கோடு நின்ற சுவருக்கு மேலே ஓர் ஊரே பேசலாம். கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை. உள்ளே ஒருவர் சாதாரணக் குரலில் தினசரி படிக்க, கதவை மூடிவிட்டு நடையில் நின்று கேளுங்கள். வார்த்தை புரிந்தால் வேலை இன்னும் பாக்கி.

கை கழுவும் பேசின் நோயாளி கண்ணில் படும் இடத்தில், முழங்கையால் திறக்கும் குழாயோடு.

படி 5: ஊசி ரூம்

குழந்தையின் அழுகை ஹாலுக்குக் கேட்டால் அடுத்த நான்கு குழந்தைகளும் அழும். கதவு நடையில் இருந்தால் பாதி குறையும். ஊசி போட்டதும் சிலருக்கு மயக்கம் வரும், கைப்பிடி உள்ள நாற்காலியும் கட்டிலும் அங்கேயே வேண்டும்.

ஊசி வெட்டும் கருவியும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவும் சிஸ்டர் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்ட வேண்டும். இரண்டடி நடக்க வேண்டியிருந்தால் "அப்புறம் போடலாம்" என்று ஊசி டிரேயிலேயே கிடக்கும், குத்தும். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத் துணியும் மஞ்சள் பை, சிரிஞ்ச், கையுறை, டியூப் சிவப்பு, கண்ணாடி நீலம். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதனால் எடுப்பவர் ஹாலைக் கடக்காமல் வெளியேறப் பின்பக்கம் ஒரு கதவு நல்லது.

தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கு 2 முதல் 8 டிகிரி. அதன் பிளக்குக்கு ஸ்விட்சே வைக்காதீர்கள். இரவு பூட்டும்போது எல்லா ஸ்விட்சையும் தட்டிவிட்டுப் போவது எல்லோருக்கும் கைப்பழக்கம்.

படி 6: வாசல், தரை, கழிப்பறை

சாய்தளம் 1க்கு 12, அதாவது ஓர் அடி உயர 12 அடி நீளம். தரைமட்டம் சாலையை விட ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி நீளம் வேண்டும். வாசலுக்கு நேராக இறக்கினால் சாக்கடையைத் தாண்டிவிடும், உடனே 6 அடியில் செங்குத்தாகப் போட்டுவிடுவார்கள்; அதில் சக்கர நாற்காலியை ஒருவரால் தள்ள முடியாது. முகப்புச் சுவரை ஒட்டி, 4 அடி அகலத்தில் பக்கவாட்டாக ஏற்றுங்கள். 18 அடியும் மேலே 5 அடிச் சமதளமும் சேர்ந்தால் 23. உங்கள் அகலம் 24.

டைல்ஸ் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே மயங்கி விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் தள்ள முடியாது.

படி 7: ஊழியர்கள்

5½ அடி ரூம்தானே என்று அதை மருந்து ஸ்டோராக மாற்றிவிடாதீர்கள். சாப்பிட இடம் இல்லாத சிஸ்டர் ஊசி ரூமில்தான் டிபன் டப்பாவைத் திறப்பார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பூட்டும் அலமாரி, காற்று வர ஒரு ஜன்னல் போதும்.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்த கேள்விகள்

*ஏசி போட்டுவிட்டேன், எக்ஸாஸ்ட் எதற்கு?* ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கும் காற்றையே சுற்றவிடும். இரண்டும் வேண்டும். கரண்ட் பில் கூடத்தான் செய்யும்.

*செருப்பை வெளியே விடச் சொல்லலாமா?* வேண்டாம். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர் வெறுங்காலோடு நடந்தால் ஆணி குத்தினாலும் தெரியாது. வாசலில் குவியும் செருப்பு தடுக்கி விழ இன்னொரு காரணம். மழைக்காலச் சேற்றுக்கு வாசலில் 6 அடி நீளத் தென்னைநார் விரிப்பு போடுங்கள். நடக்கும் போதே இரண்டு காலும் துடைபடும். இரண்டு அடி மிதியடியைப் பாதிப் பேர் தாண்டிப் போய்விடுவார்கள்.

*எனக்குக் கிடைத்தது 10 × 20 அடி ஷட்டர் கடை மட்டுமே.* அப்படியானால் ஊசி ரூமை விட்டுவிட்டு, அந்த வேலையை டாக்டர் ரூமின் கட்டிலோரம் வையுங்கள். பின்னால் 10 × 10 டாக்டர் ரூம், முன்னால் 10 × 10 ஹால். நடை கிடையாது, எனவே டாக்டரின் கதவைச் சுவரின் ஒரு ஓரத்தில் வைத்து, டோக்கன் மேசையை அதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். ஹாலில் 8 நாற்காலிக்கு மேல் ஏறாது. டோக்கனோடு தோராயமான நேரத்தையும் எழுதிக் கொடுத்து, முறை வர அரை மணிக்கு மேல் இருப்பவர்களை வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நேரம் 20 நிமிடத்துக்கு மேல் தவறினால் மறுநாளிலிருந்து யாரும் நம்ப மாட்டார்கள், கதவடியில்தான் நிற்பார்கள்.