பெரியவங்கள வீட்டுலயே கொடுமைப்படுத்துறாங்கன்னு தெரிஞ்சா, நர்ஸ், பேங்க், ஆர்டிஓ ஆபீஸ் (வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ்) எல்லாரும் சேர்ந்து எப்படி வேலை பாக்கறது

இந்த மாதிரி கேஸ்ல ஆளுக்கு ஒரு துண்டுதான் கண்ணுல படுது. மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர் மாத்திரை குடுக்க வீட்டுக்குப் போற அக்கா, பெரியவங்க கையில காயத்த பாக்குறாங்க, பென்ஷன் ஏறுன அன்னைக்கே ஏடிஎம்ல மொத்தமா எடுக்கறது பேங்க்காரருக்குத் தெரியும், வீடு மகன் பேருக்கு செட்டில்மென்ட் ஆனது பத்திர ஆபீஸுக்குத் தெரியும், ஆனா இவங்க மூணு பேரும் பேசிக்கிறதே இல்ல.

அதனால மொதல்ல கேஸ ஒருத்தர் கையில குடுங்க. என்னக் கேட்டா மாவட்ட சமூக நல ஆபீஸ் ஆளுதான் சரி. எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியலன்னா 14567, முதியோர் ஹெல்ப்லைன், காசு கெடையாது.

அடுத்தது பெரியவங்ககிட்ட தனியா பேசணும். புள்ள வாசப்படியில நிக்கும்போது கேட்டா "கீழ விழுந்துட்டேன்பா"ன்னுதான் வரும். நர்ஸ் "பிரஷர் பாக்கணும், அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க"ன்னா யாருக்கும் சந்தேகம் வராது. (மருமகளையே குத்தம் சொல்ற ஊரு இது, ஏடிஎம் கார்டு யார் பாக்கெட்ல இருக்குன்னு மொதல்ல பாருங்க.) முக்கால்வாசி பேர் "அவன ஜெயில்ல போட வேண்டாம், சோறும் மாத்திரையும் ஒழுங்கா கெடச்சா போதும்"னுதான் சொல்லுவாங்க, உயிருக்கு ஆபத்துன்னா தவிர எடுத்த உடனே ஸ்டேஷனுக்கு ஓடாதீங்க.

டாக்டருங்க "விழுந்ததா சொல்றாங்க"ன்னு ஒத்த வரியில முடிக்காம காயம் எங்க, எத்தன நாள் பழசு, எடை எவ்வளவு கொறஞ்சிருக்கு, படுக்கைப்புண் இருக்கான்னு எழுதி வைக்கணும், பின்னாடி பேசப்போறது அந்த பேப்பர்தான். பேங்க்ல மூணாம் மனுஷனுக்கு கணக்கு விவரம் தரமாட்டாங்க, தரவும் கூடாது, பெரியவங்களையே கூட்டிட்டுப் போய் பாஸ்புக் என்ட்ரி போட்டு பழைய கார்ட பிளாக் பண்ணுங்க.

பெத்தவங்களையும் முதியவங்களையும் பராமரிக்கறதுக்கான 2007 சட்டத்துல மனு போடறது ஆர்டிஓகிட்ட, 90 நாள்ல முடிக்கணும், மாசம் 10,000 ரூபா வரைக்கும் ஜீவனாம்சம் போட முடியும். சொத்த திரும்ப வாங்க பிரிவு 23. கடைசிவரைக்கும் பாத்துக்கணும்ங்கற கண்டிஷன்லதான் எழுதிக் குடுத்தாங்கன்னு காட்டணும்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதனால பத்திரத்த இலவச சட்ட உதவி வக்கீல்கிட்ட காட்டிட்டு அப்புறமா மனு எழுதுங்க.

காயத்து போட்டோவ வாட்ஸப் குரூப்ல போட்டுடாதீங்க ப்ளீஸ், தெருவுக்கே தெரிஞ்சுடும், அடி டபுளா விழும். ஆர்டிஓ ஆர்டர் வந்தப்புறமும் மாத்திரை குடுக்கற அக்கா போறப்பல்லாம் மாத்திரை அட்டைய எண்ணிப் பாக்கணும்.